புதுப்பிப்பு: நீரிழிவும் ஜிஜிடி அளவும்

நீரிழிவு உள்ளவர்களின் இரத்தத்தில் ஜிஜிடி (கல்லீரல் பரிசோதனையில் அளக்கப்படும் காமா-குளூட்டமைல் டிரான்ஸ்ஃபரேஸ்) நொதி உயர்ந்திருப்பது ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் சார்ந்த வினைபடு மூலக்கூறுகள் உடலின் தடுப்புத் திறனை மீறிப் பெருகும் நிலையை, காட்டுகிறதா என்று முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது. செல்லுக்கு வெளியே உள்ள குளூட்டாதயோன் என்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருளைச் சிதைத்து, அதைச் செல்லுக்குள் மீண்டும் உருவாக்கத் தேவையான சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தைக் கிடைக்கச் செய்வது இந்நொதியின் வேலை என்பதால், ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் குளூட்டாதயோன் விரைந்து செலவாகும் உடலில் அது கூடுவது பொருத்தமானதே. ஆனால் கொழுப்புக் கல்லீரல், மது, சில வலிப்பு மருந்துகள் ஆகியவையும் அதை உயர்த்தும். இரண்டாம் வகை நீரிழிவில் கொழுப்புக் கல்லீரல் மிகப் பரவலானது என்பதால், முதலில் ஆராய வேண்டியது அதைத்தான் என்று கருதுகிறேன்.

இன்னோர் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருளான வைட்டமின் ஈ உதவுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2000இல் வெளியான ஹோப் ஆய்வில், நீரிழிவாளர்கள் பலர் உட்பட இதய நோய் அபாயம் மிக்கவர்களுக்கு நாள்தோறும் 400 சர்வதேச அலகு (IU) வைட்டமின் ஈ கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடங்க வேண்டாம் என்று அக்கறையுடன் கேட்டுக்கொள்கிறேன்.