வந்து உட்கார்ந்ததற்கு 20 மார்க்கா?

கடைசிபெஞ்ச்_2020:
எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணன் நேற்று எழுதியது இது: "2020 பேட்ச் பசங்களை வேலைக்கு எடுக்கவே யோசிக்கணும். பத்தாவது பரீட்சையே எழுதாம பாஸ் ஆனவனுங்க. கிளாஸ்ல வந்து உட்கார்ந்ததுக்கே 20 மார்க் போட்டாங்க."

படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. நான் அந்த பேட்ச்தான். மார்ச் 27-இல் தொடங்க வேண்டிய தேர்வை, கொரோனாவால் ஜூன் 1 என்றார்கள், அப்புறம் ஜூன் 15 என்றார்கள். ஒரே பாடத்தை மூன்று தடவை படித்தோம். ஜூன் 9-ஆம் தேதி ரத்து என்று அன்றைய முதல்வர் பழனிசாமி அறிவித்தபோது என் மடியில் சமூக அறிவியல் புத்தகம் விரிந்திருந்தது. காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்து 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம். இதில் ஓசி எங்கே வந்தது?

சேலம்_சண்டியர்:
அந்த அண்ணன் சொன்னதில் என்ன தப்பு? உட்கார்ந்ததற்கு 20 மார்க். நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

ஓய்வுபெற்ற_சாக்பீஸ்:
20 மார்க் இல்லை. 20 சதவீதம். 31 வருடம் கணக்கு நடத்தியவன் சொல்கிறேன், இரண்டும் ஒன்றல்ல.

சேலம்_சண்டியர்:
100 மார்க்குக்கு 20 சதவீதம் எவ்வளவு சார்? விரல் விட்டு எண்ணியே சொல்லுங்கள், அவசரமில்லை.

ஓய்வுபெற்ற_சாக்பீஸ்:
அது உச்சவரம்பு. வருடம் முழுக்க வந்தவனுக்குத்தான் அந்த 20. "20 மார்க் போட்டாங்க" என்றால் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. சொல்லைச் சரியாகப் போட வேண்டும்.

சேலம்_சண்டியர்:
சரி, ஒரு கணக்குப் போடுவோம். தேர்வில் 30 வாங்கிய பையன். 35 எடுத்தால்தான் பாஸ், அவன் ஃபெயில். அந்த 30-இல் 80 சதவீதம் 24. நாள் தவறாமல் வந்ததற்கு 20. மொத்தம் 44. ஃபெயில் ஆனவன் 9 மார்க் மிச்சம் வைத்துத் தேறிவிட்டான். இதற்குப் பெயர் என்ன சார் உங்கள் ஊரில்?

ஓய்வுபெற்ற_சாக்பீஸ்:
அந்த வருடம் எழுத வேண்டிய 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தேர்ச்சி என்று அறிவித்தாகிவிட்டது. உங்கள் 20 இல்லாவிட்டாலும் அவன் தேறியிருப்பான். ஆகவே அவனைத் தேற்றியது 20 மார்க் இல்லை. தவிர, அது 20 மார்க்கே இல்லை, 20 சதவீதம்.

கடைசிபெஞ்ச்_2020:
ஐயா, எனக்காகப் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். இது எனக்கு உதவுகிற மாதிரி தெரியவில்லையே.

அந்த 80-ஐ யாரும் பேசவே மாட்டேன் என்கிறீர்கள். அரையாண்டில் எங்கள் கணக்கு சார் வேண்டுமென்றே மார்க்கைக் குறைப்பார். பயந்தால்தான் பொதுத்தேர்வுக்கு ஒழுங்காகப் படிப்பானாம். 85 வர வேண்டிய பேப்பருக்கு 68. அந்த 68-ஐத்தான் எடுத்துக்கொண்டார்கள். விடைத்தாளைக் கொண்டுவா என்று ஜூன் மாதம் பள்ளியிலிருந்து போன். வீடு முழுக்கத் தேடினேன். அம்மா அதைச் சமையலறை அலமாரியில் விரித்து, மேலே நல்லெண்ணெய் டப்பா வைத்திருந்தார். வட்டமாக எண்ணெய் இறங்கி, 68-இல் 6 மட்டும்தான் தெரிந்தது. பெற்றோர் கையெழுத்து போட்ட இடத்தில் மஞ்சள் தூள். அதை அப்படியே சுருட்டி எடுத்துப் போனேன்.

சிபிஎஸ்இ_அம்மா:
எங்கள் போர்டில் 75 சதவீத வருகை இல்லையென்றால் பொதுத்தேர்வே எழுத முடியாது. உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டர் சர்டிபிகேட்டோடு மனுப் போட வேண்டும். விதி என்றால் அப்படி இருக்க வேண்டும். இங்கே வந்தாலும் மார்க், வராவிட்டாலும் பாஸ்.

மேலூர்_மாமா:
75 சதவீதமா? டம்மி ஸ்கூல் என்று ஒன்று கேள்விப்பட்டதில்லையா அம்மணி? பெயர் பள்ளியில், பையன் நீட் கோச்சிங்கில், வருகைப்பதிவு மட்டும் நூற்றுக்கு நூறு. உங்கள் போர்டே அப்படிப்பட்ட பள்ளிகளுக்குத் திடீர் சோதனைக்குப் போய் அங்கீகாரத்தை ரத்து செய்கிறது.

சிபிஎஸ்இ_அம்மா:
என் பையன் டம்மி ஸ்கூலில் படிக்கவில்லை. யாரைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மேலூர்_மாமா:
பொதுவாகச் சொன்னேன். தொப்பி பொருந்தினால் நான் பொறுப்பில்லை.

சேலம்_சண்டியர்:
எல்லோரும் பேச்சை மாற்றுகிறீர்கள். உட்கார்ந்ததற்கு 20 மார்க், ஆமாவா இல்லையா? ஒன்றிலிருந்து எட்டு வரை ஆல் பாஸ், பத்திலும் ஆல் பாஸ். 2010-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்த நாளிலிருந்தே படிப்பு படுத்துவிட்டது.

ஓய்வுபெற்ற_சாக்பீஸ்:
கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறியது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 16-ஆம் பிரிவு. அதில் "ஆல் பாஸ்" என்ற சொல்லே கிடையாது. எட்டு முடிக்கும்வரை எந்த வகுப்பிலும் நிறுத்தி வைக்கக்கூடாது என்றுதான் இருந்தது. பரீட்சை வைக்காதே என்று யார் சொன்னது?

2019-இல் அதைத் திருத்தினார்கள். ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைக்க வேண்டும், தோற்றால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தோற்றால் நிறுத்தி வைக்க மாநிலம் அனுமதிக்கலாம். கவனியுங்கள், நிறுத்தி வைப்பதற்கு "லாம்"தான். "வேண்டும்" இல்லை. தமிழ்நாட்டிலும் அந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, ஊரே கொதித்து, 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் நிறுத்தி வைக்கலாம் என்றபோதும், இங்கே எட்டு வரை பழைய முறையே தொடரும் என்று மாநில அரசு சொல்லிவிட்டது. இவ்வளவு இருக்கிறது. நீங்கள் ஆல் பாஸ் என்ற இரண்டே சொல்லில் முடிக்கிறீர்கள்.

சேலம்_சண்டியர்:
நான் இரண்டு சொல்லில் சொன்னதை நீங்கள் இரண்டு பத்தியில் சொல்கிறீர்கள். நிறுத்தி வைக்கவில்லை என்றால் பாஸ்தானே?

ஓய்வுபெற்ற_சாக்பீஸ்:
இல்லை. நாங்கள் எட்டாம் வகுப்பில் இஎஸ்எல்சி என்ற பொதுத்தேர்வு எழுதினோம், பதினோராவதில் எஸ்எஸ்எல்சி எழுதினோம். அதில் தோற்று மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவர்களையும் எனக்குத் தெரியும். நல்ல மூளைக்காரர்கள்.

மேலூர்_மாமா:
பதினோராவதில் எஸ்எஸ்எல்சியா? 1978-இல் பிளஸ் டூ வருவதற்கு முன்பா? ஐயாவுக்கு வயது என்ன?

ஓய்வுபெற்ற_சாக்பீஸ்:
என் வயது இங்கே விவாதப்பொருள் அல்ல.

நீலமை_டீச்சர்:
ஒரு அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். "உட்கார்ந்ததற்கு" என்று எழுதுகிறவர்கள் வருகைப் பதிவேட்டைக் கையில் தொட்டிருக்கிறீர்களா? காலையில் ஒரு சாய்கோடு, மதியம் எதிர்ப்பக்கம் இன்னொரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி ஆனால் முழு நாள். கடலை பிடுங்கும் பருவத்தில் என் பதிவேட்டில் பாதிப் பெயருக்கு ஒற்றைக் கோடுதான் நிற்கும். மதியம் கூலிக்குப் போய்விடுவார்கள். என் வகுப்பில் ஒரு பெண் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்வாள். அவள் வந்து உட்கார்ந்ததற்கு 20 போதாது.

அப்புறம் இந்தத் தனியார் பள்ளிகளின் நூறு சதவீதத் தேர்ச்சி பற்றியும் பேசுங்களேன். ஒன்பதாவதில் சுமாராகப் படிக்கிறவனின் அப்பாவைக் கூப்பிட்டு, "பத்தாவது இங்கே வேண்டாம், டிசி வாங்கிக்கோங்க" என்பார்கள். அந்தப் பையன் ஜூனில் என் வகுப்பில் வந்து நிற்பான். அவன் தோற்றால் அரசுப் பள்ளி தேர்ச்சி விகிதம் சரிவு, அவர்கள் வாசலில் வாழ்த்து பேனர்.

சிபிஎஸ்இ_அம்மா:
எல்லாத் தனியார் பள்ளியும் அப்படி இல்லை டீச்சர். போன மாதம் ஃபீஸ் பற்றிய பேச்சிலும் இதையேதான் சொன்னீர்கள்.

நீலமை_டீச்சர்:
போன மாதம் நீங்கள் பதில் சொல்லியிருந்தால் இந்த மாதம் கேட்டிருக்க மாட்டேன்.

மார்க்கில்லா_2021:
எங்களை மறந்துவிட்டீர்களே. உங்களுக்காவது 80, 20 என்று ஏதோ இருந்தது. எங்கள் சான்றிதழில் பாடத்துக்கு நேராக மார்க்கே கிடையாது, "தேர்ச்சி" மட்டும்தான். பத்தாவது மார்க்கை மட்டும் வைத்து ஆள் எடுக்கும் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். மார்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லை. "தேர்ச்சி" என்று தட்டினால் எண் மட்டுமே போடு என்றது. பிரவுசிங் சென்டர் அண்ணன் 30 ரூபாய் வாங்கிக்கொண்டு, "உனக்கு விதியில்லை தம்பி" என்று எழுந்துவிட்டார்.

சேலம்_சண்டியர்:
பார்த்தீர்களா? ஆல் பாஸால் நஷ்டம் யாருக்கு? நான் சொல்வதும் அதுதான்.

கடைசிபெஞ்ச்_2020:
நீங்கள் எங்கே அதைச் சொன்னீர்கள்? எங்களுக்கு வேலையே கொடுக்கக்கூடாது என்கிற ஆளுக்கு ஒத்து ஊதினீர்கள். சும்மா இருங்கள் அண்ணே. ஜூன் 15-இல் தேர்வு நடந்திருந்தால் உங்கள் பிள்ளையை மாஸ்க் கட்டி அனுப்பியிருப்பீர்களா?

சேலம்_சண்டியர்:
எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

மேலூர்_மாமா:
அதுதான் இவ்வளவு நேரம் இங்கே இருக்கிறார்.

ஓய்வுபெற்ற_சாக்பீஸ்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். பிரச்சினைக்கு வருவோம். மீண்டும் சொல்கிறேன், 20 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு நாள் வராதவனுக்கு முழு 20 வருமா? வராது. ஆகவே "20 மார்க் போட்டாங்க" என்பது பிழை. அந்த வாட்ஸ்அப் அண்ணனிடம் போய் இதைத் திருத்தச் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்_2020:
ஐயா, அவர் என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்.

சேலம்_சண்டியர்:
கடைசியாக ஒரே கேள்வி, ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் போதும். வருடம் முழுக்க வந்த பையனுக்கு 100-க்கு 20 கிடைத்ததா இல்லையா?

ஓய்வுபெற்ற_சாக்பீஸ்:
எத்தனை வேலை நாளுக்கு?

சேலம்_சண்டியர்:
கும்பிடு சார்.

ஓய்வுபெற்ற_சாக்பீஸ்:
கும்பிடு பதில் ஆகாது. மொத்த வேலை நாள் தெரியாமல் சதவீதம் போட முடியாது. ஆறாம் வகுப்பு மாணவனுக்கும் தெரியும். நாளை காலை விரிவாக எழுதுகிறேன், எல்லோரும் வாருங்கள்.

மேலூர்_மாமா:
வருகைப்பதிவு உண்டா ஐயா?

சிபிஎஸ்இ_அம்மா:
டம்மி ஸ்கூல் என்று சொன்னவர் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.