விடியற்காலையில் மட்டும் எகிறும் பி.எம். 2.5: ஈரமா, நிஜத் துகளா?

மொட்டை மாடியில் நிழலான மூலையில் பி.எம். 2.5 (2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்கள்) அளக்கும் ஒரு நுண்துகள் மானி வைத்திருக்கிறேன். துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துக் கணக்கிடும் லேசர் ஒளிச்சிதறல் வகை; காற்றை இழுக்கச் சின்ன விசிறி மட்டும், சூடேற்றி கிடையாது. குளிர் தொடங்கியதிலிருந்து ஒரே பிரச்சினை. பகலில் கனமீட்டருக்கு 30 மைக்ரோகிராம் காட்டுவது, விடியற்காலை நான்கு மணிக்கு மேல் 120 வரை போகிறது. அப்போது ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல், மானியின் உறையில் பனி முத்து முத்தாக நிற்கும். வெயில் ஏறியதும் சரசரவென்று இறங்கிவிடும்.

உள்ளே ஊதிச் சுத்தம் செய்தாயிற்று. அதே வகையில் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தேன், அதுவும் கூடவே ஏறுகிறது. நுண்துகளைப் பிடித்துக்கொள்ளும் ஹெப்பா வடிகட்டி வழியாகக் காற்றை விட்டால் சரியாகப் பூஜ்யம் காட்டுகிறது.

அம்மோனியம் சல்ஃபேட் போன்ற உப்புத் துகள்கள் 80 சதவீத ஈரப்பதத்தில் நீரை உறிஞ்சி உப்பிவிடும், அதனால் ஒளி அதிகம் சிதறும். ஆனால் அதே நேரத்தில் வெப்பத் தலைகீழாக்கத்தால் (மேலே சூடான காற்று மூடிபோல் நிற்பதால்) புகையும் தரையோடு தங்கும். முழுவதையும் ஈரத்தின் தலையில் போட எனக்கு மனமில்லை.

அதனால் நுழைகுழாயைச் சூடாக்கி உலர்த்த நினைக்கிறேன். அதிகம் சூடானால் துகள்களில் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகி அளவு குறைந்துவிடுமே! நீர் மட்டும் போய் நைட்ரேட் தங்க, எத்தனை டிகிரியில் நிறுத்த வேண்டும்?