புதுப்பிப்பு: அப்பாவின் உப்பில்லாச் சாப்பாடு

டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு இறங்கவே மாட்டேன் என்கிறது, இளநீராவது கொடுக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். கொடுக்கவில்லை, நல்லவேளை! இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று டயட்டீஷியன் பொறுமையாக விளக்கினார். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதும் கூடாதாம். பெரும்பாலும் அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும்.

அப்புறம், காயில் உள்ள பொட்டாசியம் குறைய, அதைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னார். டயாலிசிஸில் புரதம் இழப்பாவதால் முட்டை வெள்ளைக்கருவும் உண்டு.

நேற்று சுரைக்காயில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, இறக்கியதும் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தேன். அப்பா விரலால் தட்டை வழித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.