ஃப்ளஷ் டிராவுக்கு 4-ஆல் பெருக்குவதா, 2-ஆல் பெருக்குவதா?

ஒற்றைஜாக்:
நோ-லிமிட் டெக்சஸ் ஹோல்டெம் போக்கர், ஆட்டத்தில் இருவர் மட்டும் மிச்சம். என் கையில் ஆட்டின் ஜாக், ஆட்டின் 10. ஃப்ளாப்பில் (மேஜையில் திறக்கும் முதல் மூன்று பொதுச்சீட்டு) ஆட்டின் ராஜா, ஆட்டின் 7, ஸ்பேடு 2. பாட்டில் (நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத்தொகை) 600. இருவரிடமும் தலா 3000 சிப்ஸ். முதலில் ரெய்ஸ் செய்திருந்தவர் (பந்தயத்தை உயர்த்தியவர்) இப்போது 400 போடுகிறார். அவருக்குப் பிறகுதான் என் முறை.

ஐந்து ஆட்டின் சேர்ந்தால் ஃப்ளஷ்; எனக்கு நான்கு இருக்கிறது, இன்னும் 9 ஆட்டின் பாக்கி. 4-ஆல் பெருக்கினால் 36%. நான் போட வேண்டியது 400, போட்டபின் பாட் 1400, ஆக 28.6% இருந்தால் போதும். கால் (அவர் போட்டதற்குச் சமமாகப் போடுவது) சரி என்று வருகிறது. அதே 9-ஐ 2-ஆல் பெருக்கினால் 18%தான், ஃபோல்டு (கையை விட்டுவிடுவது) என்று வருகிறது. டர்னில் (நான்காம் பொதுச்சீட்டு) கிளாவர் 4 மாதிரி உதவாத சீட்டு விழுந்து, அவர் 1000 போட்டால் அப்போது என்ன கணக்கு? எதை எப்போது எடுப்பது?

கணக்குத்திண்ணை:
28.6% சரி. குழப்பம் முழுக்க 36-ல்தான். 4-ஆல் பெருக்குவது டர்ன், ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) இரண்டு சீட்டையும் *வேறு காசு போடாமல்* பார்க்க முடிந்தால் மட்டும். நீங்கள் பார்க்காதது 47 சீட்டு, அதில் ஆட்டின் அல்லாதது 38. இரண்டிலும் ஆட்டின் வராமல் போக வாய்ப்பு 38/47 × 37/46, அதாவது 65%. மீதி 35%தான் உங்களுடையது. அவருடைய 400 ஆல்-இன்னாக (கையிலுள்ள எல்லாச் சிப்ஸுமாக) இருந்திருந்தால் இந்த 35%-ஐ 28.6%-உடன் ஒப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கால் செய்யலாம். சராசரியில் ஏறத்தாழ 90 சிப்ஸ் லாபம்.

இங்கே அவரிடம் இன்னும் 2600 இருக்கிறது. இந்த 400-க்கு நீங்கள் வாங்குவது ஒரே ஒரு சீட்டு. அதற்கு வாய்ப்பு 9/47 = 19.1%; 2-ஆல் பெருக்குவது இதற்குத்தான். இந்தச் சுற்றை மட்டும் வைத்துப் பார்த்தால்: 47-ல் 9 முறை 1000 கிடைக்கும், 38 முறை 400 போகும். ஒவ்வொரு காலுக்கும் சராசரி நஷ்டம் சுமார் 132.

அப்படியானால் ஃபோல்டா? அவசரப்பட வேண்டாம். ஆட்டின் விழுந்தபின் அவரிடமிருந்து மேற்கொண்டு எவ்வளவு வாங்கினால் கணக்கு நேராகும் என்று பாருங்கள். 38 × 400 = 15,200. அதை 9-ஆல் வகுத்தால் 1689. ஏற்கெனவே இருக்கும் 1000-ஐக் கழித்தால் 690 வேண்டும். 1400 பாட்டில் அது பாதி அளவு பெட், அவரிடம் 2600 இருக்கிறது. மூன்றாவது ஆட்டின் விழுந்ததும் சிலர் கையைக் கட்டிக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்தே 690 சராசரியாக வர வேண்டும். ராஜா ஜோடியை விட மனமில்லாதவர் என்றால் ஃப்ளாப் கால் தாங்கும். பயந்த ஆட்டக்காரர் என்றால் தாங்காது.

டர்னில் அந்த ஊசலாட்டத்துக்கே இடமில்லை. பாட் 1400, அவர் 1000. தேவை 1000/3400 = 29.4%. உங்களிடம் இருப்பது 9/46 = 19.6%. நேராக்க 37,000 ÷ 9 = 4111, அதில் 2400 ஏற்கெனவே பாட்டில். ரிவரில் இன்னும் 1711 வாங்க வேண்டும். ஆனால் அவரிடம் மிஞ்சுவது 1600. கடைசி சிப் வரை கொடுத்தாலும் போதாது. ஃபோல்டு.

மேஜையில் வகுத்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. அதனால் இந்த நான்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பாட்டில் மூன்றில் ஒரு பங்கு பெட் என்றால் 20% தேவை, பாதி என்றால் 25, மூன்றில் இரண்டு என்றால் 28.6, முழு பாட் என்றால் 33.3.

ஆறாம்சீட்டு:
மேலே சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன்: 9 ஆட்டினும் ஒரே தரம் இல்லை. அவரிடம் இரண்டு 7 இருந்து, மேஜையின் 7-உடன் மூன்றாகி செட் ஆகியிருக்கிறது என்று வையுங்கள். ஆட்டின் 2 விழுந்தால் உங்களுக்கு ஃப்ளஷ், அவருக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்று 7, இரண்டு 2), அது ஃப்ளஷை வெல்லும். ஆக 8-தான் சுத்தமான அவுட்ஸ் (உங்களை ஜெயிக்க வைக்கும் சீட்டுகள்). வேறு ஆட்டின் டர்னில் விழுந்தாலும் ஆட்டம் முடியவில்லை. பாக்கியுள்ள ஒரு 7, மூன்று ராஜா, மூன்று 2, டர்ன் சீட்டின் ஜோடி மூன்று என்று 10 சீட்டு அவரைத் திரும்ப மேலே ஏற்றும். 44-ல் 10, கிட்டத்தட்ட 23%. செட்டுக்கு எதிராக உங்கள் 35% சுமார் 25-க்கு இறங்கிவிடும். ஆல்-இன்னாக இருந்தாலும் 28.6-ஐத் தொடாது.

ஏஸ் இல்லாத ஃப்ளஷ் டிராவுக்கு இன்னொரு ஆபத்து: அவரிடமும் இரண்டு ஆட்டின் இருந்து, அதில் ஒன்று ஏஸ் என்றால், நீங்கள் காத்திருக்கும் சீட்டுதான் உங்கள் முழு சிப்ஸையும் கொண்டுபோகும்.

ஒற்றைஜாக்:
அவர் கை தெரியாதபோது செட்டுக்கு எவ்வளவு பயப்படுவது? இன்னொன்று: கால் செய்வதற்குப் பதில் ஃப்ளாப்பிலேயே ஆல்-இன் போய் அவரை விரட்டினால்?

ஆறாம்சீட்டு:
கைகளை எண்ணுங்கள். ராஜா ஒன்று மேஜையில், பாக்கி மூன்று. ஏஸ்-ராஜா 4 × 3 = 12 வகை. ராஜா-ராணி 12. இரண்டு ஏஸ் 6. செட்டுகள் (ராஜா, 7, 2) ஒவ்வொன்றும் 3, மொத்தம் 9. ஆட்டின் ஏஸுடன் இன்னொரு ஆட்டின் 8. கூட்டினால் 47. செட் 9/47, அதாவது 19%. பெரிய ஃப்ளஷ் டிரா 17%. மீதி 64% சாதாரண ஜோடிதான். ஆக, செட்டுக்காக மட்டும் கையை வீசத் தேவையில்லை. அதை மறந்து 9 அவுட்ஸையும் முழுதாக எண்ணுவதும் தவறு. இந்தப் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். 7-2 வைத்தே ரெய்ஸ் செய்கிறவரிடம் இது செல்லாது. ரொம்ப இறுக்கமாக ஆடுபவர் என்றால் ராஜா-ராணியைக் குறைத்துக்கொள்ளுங்கள், உடனே செட்டின் பங்கு ஏறும்.

கணக்குத்திண்ணை:
ஆல்-இன் கேள்விக்கு: நீங்கள் 3000 போடுகிறீர்கள். அவர் ஃபோல்டு செய்தால் பாட்டில் உள்ள 1000 உங்களுக்கு. கால் செய்தால் பாட் 6600. அப்போது உங்கள் வாய்ப்பை 30% என்று வைத்தால் 1980 திரும்பும், அதாவது 1020 நஷ்டம். 1000-மும் 1020-மும் கிட்டத்தட்ட சமம். ஆகவே இரண்டில் ஒரு முறையாவது அவர் ஃபோல்டு செய்தாக வேண்டும்.

மேலே எண்ணிய 47 கைகளை எடுங்கள். ஏஸ்-ராஜா, இரண்டு ஏஸ், செட் எதுவும் ஃபோல்டு ஆகிப் போகாது. ராஜா-ராணி 12-ம், ஏஸ் ஃப்ளஷ் டிரா 8-ம் முழுசாகப் போனாலும் 20/47 = 43%. பாதியைத் தொடவில்லை. இந்த ஃப்ளாப்பில் ஆல்-இன் வேண்டாம்.

அதே ஜாக்-10-க்கு ஃப்ளாப் ஆட்டின் 9, ஆட்டின் 8, ஸ்பேடு 2 என்று வந்தால் நிலைமையே வேறு. 9 ஆட்டினோடு, ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) ஆட்டின் அல்லாத ராணி மூன்று, 7 மூன்று: 15 அவுட்ஸ். 4-ஆல் பெருக்கினால் 60 வரும், ஆனால் உண்மையில் 54. அவுட்ஸ் 8-ஐத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் கழியுங்கள்: 60 − 7 = 53, அருகே வந்துவிடும். ஏஸ் ஜோடியோடு அவர் கால் செய்தாலும் 54% உங்கள் பக்கம், அதே 6600 பாட்டில் சுமார் 560 லாபம். அங்கே தயங்காமல் தள்ளலாம்.