லாரன்ஸ் கடூரி: யூதர் என்பதால் அடைக்கப்பட்டாரா?

துறைமுகத்தான்:
ஹாங்காங் மின் நிறுவனத் தலைவராக இருந்த லாரன்ஸ் கடூரியை யூத இனவெறுப்புக்குத் தப்பியவர் வரிசையில் ஏன் யாரும் சேர்ப்பதில்லை? தந்தை எல்லி கடூரி பாக்தாதிலிருந்து வந்து, 1880இல் சசூன் என்ற பாக்தாத் யூதக் குடும்பத்தின் வணிக நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்து வணிகரானவர். 1941 கிறிஸ்துமஸ் அன்று ஹாங்காங் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மகன் லாரன்ஸ் மனைவியோடும் இரண்டு சின்னக் குழந்தைகளோடும் ஹாங்காங்கில் ஜப்பானியர் நடத்திய ஸ்டான்லி தடுப்பு முகாமில் இருந்தார். பிறகு ஷாங்காயின் சாபெய் முகாம். தந்தை 1944இல் அதே நகரில் இறந்தார். இதற்குமேல் என்ன வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
காரணம் வேண்டும், ஐயா. லாரன்ஸ் எதிரி நாட்டுக் குடிமகன், அதாவது பிரிட்டிஷ்காரர். ஸ்டான்லியில் அடைபட்ட ஏறக்குறைய 2,800 பேரில் போலீஸ்காரர், வங்கி அதிகாரி, பாதிரியார் என்று எல்லோரும் இருந்தார்கள்.

ஷாங்காயின் ஹாங்கியூ பகுதியைப் பாருங்கள். விசா கேட்காத துறைமுகம் என்று ஓடிவந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய யூதர்களின் குடியுரிமையை 1941 நவம்பரில் ஹிட்லர் அரசு பறித்துவிட்டது. 1943 பிப்ரவரியில் ஜப்பானியர் வெளியிட்ட ஆணை, 1937க்குப் பிறகு வந்த 'நாடற்ற அகதிகள்' அனைவரும் அங்கே குடிபெயர வேண்டும் என்றது. 'யூதர்' என்ற சொல் அதில் இல்லை. யாரைச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் கொடுத்த அதிகாரி கோயா தன்னையே 'யூதர்களின் ராஜா' என்று சொல்லிக்கொண்டவர். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

துறைமுகத்தான்:
பாஸ்போர்ட்டை வைத்துப் பசியை அளக்கிறீர்கள்! 1951இல் கடூரி சகோதரர்கள் சீனாவிலிருந்து வந்த ஏழை விவசாயிகளுக்குப் பன்றிகளும் வட்டியில்லாக் கடனும் கொடுத்தார்களே, முகாமில் பட்டினி கிடந்தவனுக்குத்தானே அந்த மனம் வரும்?

பழையஏடு:
அவசரப்படாதீர்கள். முதல் உலகப் போருக்கு முன்பே எல்லி பாக்தாதில் மனைவி லாராவின் பெயரில் பெண்கள் பள்ளி கட்டியவர். லாரன்ஸின் தம்பி ஹோரஸ் 1939இலேயே ஷாங்காய் அகதிக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். முகாமுக்கு முன்பே கொடுத்துப் பழகிய குடும்பம். அதற்காகத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். எல்லி வேலை கற்ற சசூன் குடும்பம் அபினி விற்றே கொழுத்தது.

துறைமுகத்தான்:
அபினியை லாரன்ஸ் தலையில் கட்டாதீர்கள். அவர் விற்றது மின்சாரம். சரி, 'யூதர் என்பதால்' என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். சாபெய் முகாமை விட மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
விடச் சொல்லவில்லையே. ஹோரஸின் பள்ளியில் படித்த பிள்ளைகள் ஹாங்கியூவில் சீட்டுக்காக வரிசையில் நின்றார்கள். கடூரிகளுக்கு அந்த வரிசை கிடையாது. வேறு வேலி இருந்தது. அந்த வேலிக்குக் காரணமான பிரிட்டிஷ் குடியுரிமைதான் 1981இல் லாரன்ஸைப் பிரபுக்கள் சபையில் உட்காரவும் வைத்தது. இரண்டையும் எழுதுங்கள், படிக்கிறேன்.