மேடையில் வாக்கியத்தின் கடைசிச் சொல் கேட்கவே மாட்டேங்குது, ஏன்?

செம்பூர் அம்மா:
இங்கே மும்பையில் தமிழ்ச் சங்க ஆண்டுவிழாவுக்கு மகள் 8 நிமிடம் பேசணும். உரை 900 சொல். ஒத்திகையில் 6 நிமிடத்திலேயே முடித்துவிடுகிறாள், வாக்கியக் கடைசி காதில் விழவில்லை. நிமிடத்துக்கு 150 சொல் சரியான வேகம் என்கிறார்களே, பிறகு ஏன்?

பேச்சுப்பயிற்சி_மாட்டுங்கா:
அந்த 150 ஆங்கிலத்துக்கான கணக்கு, அம்மா. ‘போயிருக்கமாட்டார்கள்’ நமக்கு ஒரே சொல், ஆனால் ஏழு அசை. தமிழ் மேடைக்கு நிமிடத்துக்கு 75, 80 தாராளம். உரையை 620 சொல்லுக்குள் கொண்டுவாருங்கள்.

கடைசிச் சொல் தேய்வது மூச்சால். நுரையீரலிலிருந்து வரும் காற்றின் அழுத்தம்தான் குரல்நாண்களை அதிர வைக்கிறது. பெண்களுக்கு நொடிக்குச் சுமார் 200 முறை, ஆண்களுக்கு 120. காற்று தீரும்போது அழுத்தம் இறங்கி, அதிர்வு ஒழுங்கு கெட்டு, குரல் கரகரக்கும். நம் வாக்கியத்தில் வினைமுற்று அங்கேதான் நிற்கிறது. ‘வரவில்லை’யில் ‘இல்லை’ அமுங்கினால் பொருளே தலைகீழ்!

உரையில் பென்சிலால் கோடு போடுங்கள், ஆறேழு சொல்லுக்கு ஒன்று. கோட்டில் வாய்வழியே சட்டென்று மூச்செடுக்கணும். கீழ் விலாவில் கைவைத்தால் அது பக்கவாட்டில் விரிவது தெரியணும். தோள் ஏறினால் கழுத்துத் தசை இறுகி, குரல்வளையும் மேலே போய்விடும். நீண்ட வாக்கியமென்றால் எழுவாய்க்குப் பிறகும் ஒரு கோடு.

தாராவி_ஆசிரியர்:
மேலே சொன்னதோடு ஒன்று. ‘மெதுவாப் பேசு’ என்று மட்டும் சொல்லாதீர்கள், பிள்ளைகள் ஒவ்வொரு எழுத்தையும் இழுப்பார்கள். சொல் இயல்பான வேகத்திலேயே போகட்டும், நிறுத்தம் நீளட்டும். எதிரொலிக்கும் கல்யாண மண்டபமென்றால் ஒலி அடங்கிய பிறகு அடுத்த வாக்கியம்.

அவசரத்தில் முதலில் அடிபடுவது நெடில்: ‘பாடம்’ ‘படம்’ ஆகும். அடுத்தது ழ. அவசரத்தில் ள ஆகிவிடும். இந்த இரண்டையும் செல்போனில் பதிந்து கேளுங்கள்.

செம்பூர் அம்மா:
நன்றிங்க. மேடையேறும் முன் வெந்நீர் கொடுக்கலாமா?

பேச்சுப்பயிற்சி_மாட்டுங்கா:
கொடுங்கள், வாய் உலராது. ஆனால் குடிக்கும் நீர் உணவுக்குழாயில் போவது, குரல்நாணில் படாது. அது ஈரமாயிருக்கக் காலையிலிருந்தே தண்ணீர் குடித்திருக்கணும். தொண்டையைச் செருமக் கூடாது, நாண்கள் ஒன்றோடொன்று மோதும். எச்சில் விழுங்கினால் போதும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில். நேரே வைத்தால் ‘ப’வுக்கெல்லாம் படபடக்கும்.