புதுப்பிப்பு: அச்சு வடிவமைப்புக்கான கணினியை வாங்கிவிட்டோம்

திருமண அழைப்பிதழும் ஃபிளெக்ஸ் பேனரும் வடிவமைக்கும் எங்கள் சிறு கடைக்கு மேக் வாங்குவதா, விண்டோஸ் கணினியை அசெம்பிள் செய்வதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். விண்டோஸையே தேர்ந்தெடுத்தோம். கோரல்டிரா என்னும் வடிவமைப்பு மென்பொருள் 2019 பதிப்பிலிருந்து மேக்கிலும் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எங்களிடம் வரும் பழைய கோப்புகளில் பெரும்பாலானவை யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத தமிழ் எழுத்துருக்களில் இருப்பதால், அவற்றுக்கான, விண்டோஸில் இயங்கும் தட்டச்சு மென்பொருளை விட்டு நகர முடியவில்லை.

கிராஃபிக்ஸ் கார்டுக்கே பெரும்பணம் ஒதுக்கச் சொன்ன நண்பர்களுக்கு ஒரு விளக்கம். 10 அடிக்கு 8 அடி பேனரை 72 டிபிஐயில் (அங்குலத்துக்கு 72 புள்ளிகள்), அச்சுக்கான நான்கு மை நிறங்களைக் கொண்ட சிஎம்ஒய்கே முறையில் அமைத்தால் 8640க்கு 6912 பிக்சல் வருகிறது. முழுப் பரப்பையும் நிரப்பும் ஒரு லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) மட்டுமே ஏறக்குறைய 240 எம்பி. மணமக்கள் படம், பின்னணி, நிழல் என்று லேயர்கள் பெருகும்போது 8 ஜிபி ரேம் திணறிவிடும். ஆகவே 32 ஜிபி ரேமும், ரேம் போதாதபோது ஃபோட்டோஷாப் தற்காலிகமாகப் பயன்படுத்தும் ஸ்கிராட்ச் டிஸ்க்குக்கெனத் தனி என்விஎம்இ எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பகம்) போட்டு, கார்டை நடுத்தர விலையோடு நிறுத்திக்கொண்டோம்.

மிஞ்சிய பணம் எஸ்ஆர்ஜிபி என்னும் பொதுவான திரை நிறத்தொகுப்பை முழுமையாகக் காட்டும் ஐபிஎஸ் வகை மானிட்டருக்குப் போனது. திரையில் பளிச்சிடும் நீலம் சிஎம்ஒய்கே மையில் மங்கத்தான் செய்யும் (வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை) என்பதால், மாதிரி அச்சு காட்டும் வழக்கத்தைக் கைவிடவில்லை.

யுபிஎஸ் மட்டும் பாக்கி. இத்தகைய கணினிக்கு 600 விஏ (யுபிஎஸ்ஸின் மின்திறன் அளவு) போதுமா, 1000 விஏ வேண்டுமா என்பதைப் பயன்படுத்துவோர் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.